3 ராத்திரி கப்பல் டூர்: புதுக் கப்பல் அங்கே, பழசு நமக்கா?

எல்லைச்செடி

எல்லாருக்கும் வணக்கம். வீடு களியக்காவிளை, வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்ல. ஆபீஸ்ல நாங்க நாலு பொண்ணுங்க சேர்ந்து ஓணம் லீவோட ஒரு வெள்ளியை ஒட்டவெச்சு எங்கயாவது போகலாம்னு பேசிட்டிருக்கோம். வர்க்கலா, மூணாறு, பொன்முடி எல்லாம் சலிச்சுப்போச்சு. ரீல்ஸைத் திறந்தா கப்பல்தான் வருது.

படிச்சுப் பாத்ததுல ஒரு விஷயம் புதுசா பட்டுச்சு. முன்னெல்லாம் கம்பெனிக்காரங்க புதுக் கப்பலை 7 ராத்திரி பயணத்துக்கு விடுவாங்களாம். அது பழசானதும் 3, 4 ராத்திரிக்குத் தள்ளுவாங்களாம். இப்ப அது மாறிடுச்சு. ராயல் கரீபியன் 2024 ஜூலைல இறக்கின 'யுடோபியா ஆஃப் தி சீஸ்' முதல் நாள்லேர்ந்தே 3, 4 ராத்திரிதான் ஓடுது, புளோரிடா போர்ட் கனாவரல்லேர்ந்து பஹாமாஸுக்கு. 2022-ல வந்த 'வொண்டர் ஆஃப் தி சீஸ்'ஸையும் 2025-ல மியாமிக்குக் கொண்டுவந்து இதே மாதிரி குட்டிப் பயணத்துக்கு விட்டுட்டாங்க. லீவு கம்மி, கையில ஓரளவு சம்பளம், கல்யாணம் இன்னும் ஆகல. இப்படி இருக்கிற எங்க செட்டைத்தான் குறிவெக்கிறாங்கன்னு தோணுது.

நம்ம பக்கம் இது மாதிரி ஏதாவது உண்டா? கொச்சியா, சென்னையா, இல்ல நேரா சிங்கப்பூரே போயிடலாமா? போனவங்க இருந்தா செலவை ஒளிக்காம சொல்லுங்க. அம்மா வேற "கப்பல்ல குடியும் சூதாட்டமும்தான இருக்கும்"ங்கறாங்க.

நீரோடி_வலை

காசு குடுத்து கடல்ல போய்க் கிடக்கவா? எங்க வீட்டுல காசு கிடைச்சாத்தான் கடலுக்கே போவாவ.

சும்மா சொன்னேன் தங்கச்சி, கோவப்படாத. ஆனா ஓணம் சமயம் யோசிச்சுக்கோ. ஜூலை 31-ஓட இந்தப் பக்கம் ட்ரோலிங் தடை, அதான் இழுவைவலைத் தடை, முடிஞ்சாலும் கடல் உடனே அடங்கிராது. ஆகஸ்ட்ல எங்க தூத்தூர், வள்ளவிளை ஆளுக ஆழ்கடலுக்குப் போவும்போதும் காத்து பலமா அடிக்கும். கரையில நிக்கிறவனுக்கு அது தெரியாது.

பழைய_துறைமுகம்

கொச்சித் துறைமுகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்று இப்போது பாறசாலையில் இருக்கிறேன். நீரோடித் தம்பி சொன்ன காத்துதான் நம் நாட்டுக் கப்பல் அட்டவணையையே தீர்மானிக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வந்தால் மும்பை, கோவா, லட்சத்தீவுப் பக்கம் பயணிகள் கப்பல் ஓட்டுவது சிரமம். ஆகவே கோர்டேலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' அந்த மாதங்களில் சென்னைக்கு வந்துவிடும், காற்று ஓய்ந்ததும் மும்பைக்குத் திரும்பும். ஓணத்துக்குக் கொச்சியில் கப்பல் ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள் மகளே.

எம்ப்ரஸ் பழைய கப்பல், உண்மை. ஆனால் அதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் உங்கள் தலைப்புக்குப் பதில் கிடைக்கும். 1990-இல் பிரான்சின் சான் நசேர் கட்டுமானத் தளத்தில் ராயல் கரீபியனுக்காக 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் கட்டப்பட்டது. கட்டும்போதே 3, 4 இரவுப் பயணத்துக்கென்று வடிவமைத்தார்கள். மியாமியிலிருந்து நாசோ, கோகோ கே தீவு என்று ஓடியது. இன்று யுடோபியா போகும் இடங்களும் அவையே. யுடோபியா கட்டப்பட்டதும் அதே சான் நசேரில்தான். வேறுபாடு அளவில்தான். எம்ப்ரஸ் 48,000 டன், யுடோபியா 2,36,000 டன்.

ஆக, குறுகிய பயணத்துக்குப் புதுக் கப்பல் என்பது இவர்கள் இன்று கண்டுபிடித்த தந்திரம் அல்ல. 1990-இல் ஒரு முறை செய்து பார்த்தார்கள். பிறகு பணம் 7 இரவில்தான் என்று அந்தப் பக்கம் போனார்கள், இப்போது திரும்பி வந்திருக்கிறார்கள். அன்று மியாமி இளைஞர்களுக்குப் புதிதாக இருந்த கப்பல்தான் இன்று சென்னை இளைஞர்களுக்குப் புதிதாக விற்கப்படுகிறது.

எல்லைச்செடி

சார், இது செம! அப்ப நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே ஓடின கப்பல்ல நான் ரீல்ஸ் எடுக்கப் போறேன்.

நகரி_தறி

ஆந்திரா பக்கத்துலேர்ந்து ஒரு குரல். நாங்க நகரிக்காரங்க. திருத்தணி தாண்டினா மெட்ராஸ்தான், துறைமுகம் கிட்ட. சென்னைலேர்ந்து அந்தக் கப்பல்ல என் தம்பி கல்யாணம் ஆன புதுசுல போய் வந்தான். விசாகப்பட்டினம் போய்ட்டுத் திரும்பறது. விசாகப்பட்டினத்துல 2023-ல பயணிகள் கப்பலுக்குன்னு தனி முனையமே திறந்துட்டாங்க.

புதுச்சேரி கதை தெரியுமா? 2022 ஜூன்ல சென்னைல முதலமைச்சர் கொடியசைச்சு அனுப்பின கப்பலைப் புதுச்சேரில நிக்க விடல. சூதாட்டம், கலாச்சாரம்னு பெரிய சண்டை. மூணு வருஷம் கழிச்சு 2025 ஜூலைல வந்து நின்னுச்சு, அப்பவும் எதிர்ப்பு இருந்துச்சு. உங்க அம்மா சொல்றதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு தங்கச்சி. கரையிலேர்ந்து 12 கடல் மைல் தாண்டினாத்தான் சூதாட்ட மேசையைத் திறப்பாங்க. தம்பி அந்தப் பக்கம் எட்டியே பாக்கல, தோசைக் கவுண்டர்லயே கிடந்தான். நீங்களும் பாக்காம இருக்கலாம், யாரும் கையைப் பிடிச்சு இழுக்கறதில்ல.

இலங்கைக்கும் போகும். அம்பாந்தோட்டை, திருகோணமலை. 2023 ஜூன்லேர்ந்து காங்கேசன்துறையும் சேர்ந்துச்சு.

நீரோடி_வலை

காங்கேசன்துறை பாக்கணும்னா நாகப்பட்டினத்துலேர்ந்து படகு சர்வீஸ் இருக்கே. காலைல ஏறினா அன்னைக்கே யாழ்ப்பாணம். கப்பல்ல போனா சில மணி நேரம் காட்டிட்டு திரும்ப ஏத்திருவான்.

கொழிஞ்சாம்பாறை_மயில்

பாலக்காட்டுலேர்ந்து வர்றனுங்க. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இதுல கொஞ்சம் பைத்தியமுங்க. சிங்கப்பூர் கப்பல் போயிருக்கோம். செலவுன்னு கேட்டதால அதைப் பத்தி மட்டும் சொல்றேன், கப்பல் எவ்வளவு அழகுன்னு ரீல்ஸ்லயே பாத்திருப்பீங்க.

விளம்பரத்துல போடற விலை ஒரு ஆளுக்கு, அதுவும் ரெண்டு பேர் ஒரு அறைன்னு வெச்சு. தனியா போனா கிட்டத்தட்ட ரெண்டு ஆள் காசு. நாலு பேர் ஒரே அறைன்னா 3-வது, 4-வது ஆளுக்கு விலை குறையும், அந்த விஷயத்துல உங்களுக்கு லாபமுங்க. அதுக்கு மேல துறைமுகக் கட்டணம், வரி. அதுக்கும் மேல டிப்ஸ். இது நம்ம ஓட்டல்ல வெக்கிற மாதிரி இஷ்டத்துக்கு இல்லைங்க, ஆள் ஒண்ணுக்கு நாள் ஒண்ணுக்கு இவ்வளவுன்னு பில்லுலயே ஏறிடும். அமெரிக்கக் கம்பெனிகள்ல 16-லேர்ந்து 20 டாலர் கிட்ட வரும். வைஃபைக்குத் தனிக் காசு. பானத்துக்குப் பேக்கேஜ்னு ஒண்ணு இருக்குங்க. நிறைய கம்பெனில ஒரு அறையில ஒருத்தர் அந்த மதுப் பேக்கேஜ் எடுத்தா அந்த அறையில இருக்கிற பெரியவங்க எல்லாரும் எடுக்கணும்னு விதி. உங்க நாலு பேர்ல ஒருத்தர்தான் குடிப்பாங்கன்னா மத்த மூணு பேரும் தண்டம் கட்டணும்.

குட்டிப் பயணத்துல ஏமாந்து போற இடம் இதுதான். 3 ராத்திரிதானேன்னு விலை சின்னதாத் தெரியும். நாள் கணக்குல வகுத்துப் பாத்தா 7 ராத்திரிய விட பல சமயம் கூட வரும். தங்கறது கொஞ்ச நாள்ங்கறதால கையும் அடங்காது. 7 நாள் போறவன் ரெண்டு நாளாவது அறையில கிடந்து புத்தகம் படிப்பான், 3 நாள் போறவன் மசாஜ், படம், சறுக்கு எல்லாம் முடிச்சிடணும்னு ஓடுவான்.

விசா: சிங்கப்பூர்லேர்ந்து கப்பல் ஏறி மலேசியாவோ தாய்லாந்தோ தொட்டுட்டுத் திரும்ப சிங்கப்பூர்ல இறங்கறீங்க இல்லீங்களா, அதனால பலமுறை நுழையற விசாதான் வேணும். ஏஜென்ட்கிட்ட கேட்டு உறுதிப்படுத்திக்கோங்க. திருவனந்தபுரத்துலேர்ந்து ஸ்கூட் விமானம் நேரா இருக்குங்க. எங்களுக்குக் கோயம்புத்தூர்.

அங்க ஓடற 'ஜெண்டிங் ட்ரீம்' 2016-ல கட்டினது. 2, 3 ராத்திரி பயணமே நிறைய. இந்திய சைவச் சாப்பாடு, ஹலால் அடுக்களை எல்லாம் உண்டு. நம்மாளுங்க அவ்வளவு பேர் போறாங்கங்க, பினாங்குல இறங்கினா பாதிப்பேர் தமிழ் பேசறாங்க.

எல்லைச்செடி

அக்கா ரொம்ப நன்றி, இந்தக் கணக்கைத்தான் யாரும் சொல்லல. டிஸ்னி கப்பல் சிங்கப்பூருக்கு வருதுன்னாங்களே?

கொழிஞ்சாம்பாறை_மயில்

'டிஸ்னி அட்வென்சர்'. 2025 டிசம்பர்னு சொல்லி 2026 மார்ச்சுக்குத் தள்ளினாங்க. 2,08,000 டன். ஜெர்மனில வேற ஒரு கம்பெனிக்காகப் பாதி கட்டினப்ப கட்டுமானத் தளம் திவாலாகி, டிஸ்னி வாங்கி முடிச்சது. 3, 4 ராத்திரிதான். வேடிக்கை என்னன்னா அது எந்த ஊர்லயும் நிக்காதுங்க! கடலுக்குப் போய் சுத்திட்டுத் திரும்ப அதே துறைமுகம்.

நீரோடி_வலை

எங்கயும் போகாத கப்பலுக்கு டிக்கெட்டா? கொள்ளாம்.

கப்பல்_அடுக்களை

இந்த இழையை ராத்திரி முழுசா வாசிச்சேன். நான் குழித்துறை. ஒரு பெரிய கம்பெனிக் கப்பல்ல அடுக்களையில வேலை, இப்ப காண்ட்ராக்ட் முடிஞ்சு வீட்டுல நிக்கேன். பேரு வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். உள்ளேர்ந்து பாக்கும்போ எப்படி இருக்கும்னு சொல்லுகேன்.

எங்கயும் போகாத கப்பல்னு தம்பி சிரிச்சான். அதுலதான் காசு இருக்கு பாத்துக்கோ. கப்பலுக்குப் பெரிய செலவு எண்ணெய். தூரம் போகாண்டாம், வேகம் வேண்டாம்னா எண்ணெய் மிச்சம். வேற நாட்டுத் துறைமுகத்துல நின்னா ஆள் கணக்குல கட்டணம், அதும் மிச்சம். ஆளுக கரையில இறங்கிச் செலவு பண்ணுற காசு ஊர்க்காரனுக்குப் போகும், கப்பல்லயே இருந்தா நமக்க கல்லாவுக்கு வரும். அமெரிக்கா பக்கம் ஒரு படி மேல. அங்க 1886-ல போட்ட ஒரு சட்டம் இருக்கு. வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல் அமெரிக்கத் துறைமுகத்துலேர்ந்து கிளம்பினா இடையில ஒரு வெளிநாட்டைத் தொட்டுத்தான் திரும்பணும். பக்கத்துல கிடக்கது பஹாமாஸ். அங்கயே கம்பெனி சொந்தத் தீவு மாதிரி எடுத்து வெச்சிருக்கு. ராயல் கரீபியன் கோகோ கேயை 25 கோடி டாலர் போட்டு 2019-ல புதுசாக்கிச்சு. கார்னிவல் 2025 ஜூலைல 'செலிப்ரேஷன் கீ' திறந்துச்சு. வெளிநாட்டையும் தொட்டாச்சு, காசும் வெளிய போகல. தீவுல தண்ணிச் சறுக்குக்குத் தனி டிக்கெட்.

3 ராத்திரிக்குப் புதுக் கப்பல் எதுக்குன்னு நானும் எனக்க மேலாளர்கிட்ட கேட்டேன். அவரு சொன்ன பதிலு: இவங்கள்ல நிறையப் பேருக்கு இது முதல் பயணம். முதல்ல பழைய கப்பலைக் காட்டினா அப்புறம் ஆயுசுக்கும் வரமாட்டான். புதுசைக் காட்டினா நாலு வருஷம் கழிச்சுப் பொண்டாட்டி புள்ளையோட 7 ராத்திரிக்கு வருவான். உலகக் கப்பல் கம்பெனிக சங்கம் கிளியா சொல்லுற கணக்குலயும் பயணிகள்ல மூணுல ஒருத்தருக்கு மேல 40 வயசுக்குக் கீழதான். கிழடுகளுக்கான சமாச்சாரம்ங்கது பழைய கதை. வர்ஜின்னு ஒரு கம்பெனி 18 வயசுக்குக் கீழ ஆளையே ஏத்தமாட்டான், உள்ள பச்சை குத்துற கடை உண்டு.

இனி நமக்க பக்கம். 7 ராத்திரிக் கப்பல்ல வாரத்துல ஒரு நாள்தான் ஆள் இறங்கி ஆள் ஏறுற திருப்பு நாள். 3, 4 ராத்திரிக் கப்பல்ல அது வாரம் ரெண்டு தடவை. காலைல ஐயாயிரம் பேரு இறங்குவான், மத்தியானத்துக்குள்ள அடுத்த ஐயாயிரம் பேரு வாசல்ல நிப்பான். அந்த நேரத்துக்குள்ள எல்லா அறையிலயும் விரிப்பு மாத்தணும், குளிமுறி கழுவணும், சாமான் ஏத்தணும். ஏறினவுடனே எல்லாரும் நேரா பஃபேக்குத்தான் வருவான், அதுக்கு அடுக்களை காலைலேர்ந்தே எரியணும். சட்டம் என்னமோ 24 மணி நேரத்துல 10 மணி நேரம் ஓய்வு, வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வுன்னு சொல்லுது. அந்த ஓய்வு துண்டு துண்டா வரும். அறை பாக்குற பையன்க முகத்தைப் பாத்தாலே இன்னைக்குத் திருப்பு நாளுன்னு தெரியும்.

டிப்ஸ் பில்லுல ஏறுதுன்னு மயில் அக்கா சொன்னாங்க. வரவேற்பு மேசைல போய் அதை எடுக்கச் சொல்லுற ஆளுக உண்டு. செய்யாதீங்க. குட்டிப் பயணத்துல அறைப் பையனுக்கு உங்க பேரு மனசுல நிக்கதுக்குள்ள நீங்க இறங்கிருவீங்க, கையில யாரும் தனியாக் குடுக்கவும் மாட்டாங்க. அவனுக்கு அந்தப் பில்லுக் காசுதான்.

நகரி_தறி

அண்ணே, இதைப் படிச்சப்புறம் என் தம்பிகிட்ட கேட்டேன், டிப்ஸ் எடுத்தியாடான்னு. பதில் வரல.

பழைய_துறைமுகம்

கப்பல்_அடுக்களை எழுதியது அருமை. ஒரு குறிப்பு மட்டும்: டன் என்று நாம் எழுதுவது கப்பலின் எடை அல்ல, உள்ளிடத்தின் அளவு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

நம் நாட்டுக்கு இளமையான கப்பல் வருமா என்று கேட்டால், கோர்டேலியா 'நார்வேஜியன் ஸ்கை', 'நார்வேஜியன் சன்' இரண்டையும் வாடகைக்கு எடுப்பதாக 2025-இல் அறிவிப்பு வந்தது. முன்னது 1999, பின்னது 2001. எம்ப்ரஸ்ஸுடன் ஒப்பிட்டால் இளமைதான்! 2023 நவம்பரில் வந்த 'கோஸ்டா செரீனா' 2007-இல் கட்டியது, கொச்சிக்கும் வந்து போனது. வெலிங்டன் தீவில் 2021-இல் திறந்த சாகரிகா முனையம் இருக்கிறது, விசாகப்பட்டினத்தில் இருக்கிறது, 2024 செப்டம்பரில் மத்திய அரசு 'க்ரூஸ் பாரத்' என்று ஒரு திட்டமும் தொடங்கியது. இங்கே இருந்தே கிளம்பும் புதுக் கப்பல்தான் இல்லை. விழிஞ்ஞம் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அது சரக்குப் பெட்டிகளுக்கான துறைமுகம், உங்களுக்கு அங்கே ஏற ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், 20 மாடியும் சறுக்கும் இல்லாமல் கடலைப் பார்க்க வேண்டும் என்று இருந்தால் லட்சத்தீவுக்குப் போங்கள். அரசின் 'எம்.வி. கவரத்தி' 2008 முதல் ஓடுகிறது, 700 பேர் போகலாம். அதில் 'சமுத்திரம்' என்று 5 நாள் தொகுப்பு நடத்திவந்தார்கள். இரவு கப்பலில், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில். அனுமதிச் சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும். பங்காரம் தவிர மற்ற தீவுகளில் மது கிடையாது, அதனால் வீட்டில் அம்மாவுக்கும் நிம்மதி.

கொழிஞ்சாம்பாறை_மயில்

சார் சொல்றது நல்லதுங்க, ஆனா நாலு ஐடி பொண்ணுங்க ஓணத்துக்குன்னு கேட்டா அரசுக் கப்பல்ல பங்க் படுக்கையும் சோறும் மீன்குழம்புமா? அவங்க கேக்கறதே அந்தச் சறுக்கைத்தானுங்களே. இளசுகளுக்கு ஆசை இருக்கறது தப்பா?

பழைய_துறைமுகம்

தப்பில்லை அம்மா. மீன்குழம்பைக் குறைத்துப் பேசியதுதான் வருத்தம்.

நீரோடி_வலை

மினிக்காய் சூரை மீன் குழம்பு தின்னாதவங்க பேசப்படாது.

கப்பல்_அடுக்களை

செலவில்லாம ஒரு ருசி பாக்கணும்னா கொச்சியில 'நெஃபர்டிட்டி' இருக்கு, கேரள அரசோடது. 200 பேரு, சில மணி நேரம் கடல்ல போய்ட்டு வரும். கேரள அரசு பஸ்காரங்க பட்ஜெட் டூரிசம்னு டிப்போலேர்ந்தே கூட்டிட்டுப் போய் ஏத்தி இறக்கி கொண்டுவிடுவாங்க. கடல்ல தலை சுத்துமா இல்லியான்னு அதுல தெரிஞ்சிரும். தலை சுத்துற ஆளுன்னா சிங்கப்பூருக்கு லட்சம் செலவழிக்காண்டாம்.

எல்லைச்செடி

எல்லாரோட பதிலையும் காட்டி ஆபீஸ்ல பேசினோம். ஓணத்துக்குக் கப்பல் வேண்டாம்னு முடிவு. செப்டம்பர் கடைசில நெஃபர்டிட்டி. யாரும் வாந்தி எடுக்கலன்னா பிப்ரவரில சிங்கப்பூர், 3 ராத்திரி, நாலு பேருக்கு ஒரே அறை, மதுப் பேக்கேஜ் இல்லாம, டிப்ஸோட. அம்மாகிட்ட 12 கடல் மைல் கதையைச் சொன்னேன். "அதுவரைக்கும் நல்லவங்களா இருப்பாங்களா?"ன்னு கேட்டாங்க.

லட்சத்தீவுக்கு அப்பாவும் அம்மாவும் போகணுமாம். சார், அனுமதிச் சீட்டு எப்படி எடுக்கிறதுன்னு தனியா கேக்கிறேன்.

ஒரு கேள்வி பாக்கி: நாலு பேர் அறையில படுக்கை எப்படி இருக்கும்?

கப்பல்_அடுக்களை

கீழ ரெண்டு கட்டில். மத்த ரெண்டு சுவத்துலேர்ந்தோ கூரையிலேர்ந்தோ மடக்கி இறக்குறது, ஏணி வெச்சு ஏறணும். சில கப்பல்ல சோபா விரியும். குளிமுறி ஒண்ணுதான், மிகச் சின்னது. நாலு பேரும் ஒரே நேரத்துல ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒருங்க நினைச்சா சண்டைதான். ஜிம்முல குளிமுறி இருக்கும், யாரும் போகமாட்டாங்க, அங்க போய்க் குளி. பெரிய பெட்டி கொண்டு வராண்டாம்.

நீரோடி_வலை

அண்ணே, இழை திசை மாறுதுன்னா மன்னிக்கணும். புதுக் கப்பல் இவ்வளவு இறங்குதுன்னா ஆளும் வேணும்லா? எனக்க தம்பி கேட்டரிங் படிச்சிட்டு சும்மா நிக்கான். கடல் பயம் கிடையாது. மார்த்தாண்டத்துல ஒரு ஆளு 3 லட்சம் கேக்குதான், உடனே ஏத்திவிடுவானாம்.

கப்பல்_அடுக்களை

ஒரு பைசா குடுக்காத. கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சிக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேணும். கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் அந்தப் பட்டியலை இணையத்துலயே போட்டிருக்கு. உரிமம் உள்ளவன் வேலைக்குன்னு உன்கிட்ட காசு வாங்கப்படாது, அது சட்டம். பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, எஸ்.டி.சி.டபிள்யூ.ங்க கடல் பாதுகாப்பு அடிப்படைப் பயிற்சி, சி.டி.சி.ங்க கப்பல்காரனுக்க அடையாளப் புத்தகம், இதுக்குத்தான் உன் கைக்காசு. கேட்டரிங் சர்டிபிகேட்டோட ஒரு நல்ல ஓட்டல்ல வேலை பாத்த அனுபவமும் கேப்பாங்க, சும்மா நிக்காம அதுக்கு முதல்ல போகச் சொல்லு. இங்கிலீஷ்ல நேர்காணல் இருக்கும். கம்பெனி பேரைச் சொல்லாம "உடனே ஏத்திவிடுகேன்"ங்கவன் ஏத்தமாட்டான்.

தம்பி வந்தா வாரத்துக்கு ரெண்டு திருப்பு நாள் உள்ள கப்பல்தான் முதல்ல கிடைக்கும்னு நினைச்சுக்கோ, அதையும் சொல்லி வை.

நீரோடி_வலை

சரிண்ணே. பாஸ்போர்ட் இருக்கு, சி.டி.சி. இல்ல. மார்த்தாண்டத்துக்காரனுக்கு அட்வான்ஸ் 10,000 குடுக்கப் போனவனை இப்பத்தான் போன் பண்ணி நிறுத்தினேன், பஸ்ல இருந்தான். தனிமடல் போட்டிருக்கேன், பாருங்க.